முதுகு மெஷினில் உட்காரலாமா, கூடாதா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வயது 38, நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை. ஆறு மாதம் முன்பு தரையில் கிடந்த ஒரு பையை எடுக்கக் குனிந்தபோது இடுப்பு பிடித்துக்கொண்டது, மூன்று வாரத்தில் தானாகச் சரியாகிவிட்டது. இப்போது ஜிம்மில் சேர்ந்திருக்கிறீர்கள். அங்கே உட்கார்ந்தபடி முதுகால் ஒரு உருளையைப் பின்னால் தள்ளும் மெஷின் ஒன்று இருக்கிறது. பயிற்சியாளர் "இதைச் செய்தால்தான் முதுகு ஸ்ட்ராங் ஆகும், முதுகு பலமானால் வலி வராது" என்கிறார், கூட வரும் நண்பர் "அதைத் தொடாதே, டிஸ்க் பிதுங்கிவிடும்" என்கிறார் (டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற வட்டு). யார் சொல்வது சரி, எத்தனை கிலோ வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் அடியில் இன்னொன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன்: மறுபடி அந்த மாதிரி பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம். அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

நான் பிசியோதெரபிஸ்ட். 18 வருடமாக முதுகு வலிக்காரர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன், அதில் பாதிப் பேரையாவது ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த மெஷினில் உட்கார வைத்திருப்பேன். நேரடியான பதில், நீங்கள் சொன்ன வரலாறு மட்டும்தான் என்றால் உட்காரலாம். ஆனால் உங்கள் முதுகைக் கையால் தொட்டுப் பார்க்காமல், நீங்கள் குனிவதையும் நிமிர்வதையும் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதை மனதில் வையுங்கள். கீழே சொல்வதில் ஏதாவது உங்கள் உடம்போடு ஒத்துப்போகவில்லை என்றால் உடம்பு சொல்வதைக் கேளுங்கள், என்னை விட்டுவிடுங்கள்.

முதலில் யார் உட்காரக்கூடாது என்பதை முடித்துவிடுகிறேன். முதுகு வலியோடு சேர்த்து கவட்டைப் பகுதி மரத்துப்போவது, சிறுநீரோ மலமோ அடக்க முடியாமல் போவது, அல்லது சிறுநீர் வராமல் நின்றுவிடுவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். கால் பலம் குறைந்துகொண்டே போவது, நடக்கும்போது பாதம் தொங்குவது, காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் உடல் மெலிவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, விழுந்து அடிபட்ட பிறகு தொடங்கிய வலி, எலும்பு அடர்த்தி குறைந்திருப்பது, நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுவது, இதெல்லாம் இருந்தால் மெஷினுக்கு முன்னால் மருத்துவர். இன்னொரு கூட்டமும் உண்டு. நடந்தால் கால் கடுக்கும், குனிந்தோ உட்கார்ந்தோ இருந்தால் நிம்மதி என்பார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். தண்டுவடப் பாதை குறுகியிருப்பவர்களுக்கு இது வழக்கமான அடையாளம், பின்னால் சாய்வதே அவர்களுக்கு ஆகாது. உங்களுக்கு வந்தது குனியும்போது வந்த பிடிப்பு, கால் வரை இறங்கவில்லை, மூன்று வாரத்தில் போய்விட்டது. இதுதான் உலகத்திலேயே அதிகம் பேருக்கு வரும் வகை.

சரி, மெஷினுக்கு வருவோம். இந்த இடத்தில் நம் மொழியே நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. பெல்ட் கட்டும் இடத்தையும் இடுப்பு என்கிறோம், தொடை உடம்போடு சேரும் மூட்டையும் இடுப்பு என்கிறோம், வலி வரும் கீழ்முதுகையும் இடுப்பு என்றே சொல்கிறோம். பயிற்சியாளர் "இடுப்பில் மடங்குங்க" என்று சொல்வார், அவர் மனதில் இருப்பது தொடைமூட்டு. கேட்பவர் மடக்குவது கீழ்முதுகை. இந்த ஒரு குழப்பத்தால் முதுகைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்களை நான் விரல் விட்டு எண்ணிய காலம் எப்போதோ போய்விட்டது. அதனால் இந்தப் பதில் முழுக்க தொடைமூட்டு, கீழ்முதுகு என்று பிரித்தே எழுதுகிறேன், இடுப்பு என்ற சொல்லை முடிந்த வரை தவிர்க்கிறேன்.

தொடைமூட்டு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. நின்றுகொண்டு உள்ளங்கையைத் தொடையின் வெளிப்பக்கம், மேல் பகுதியில் வைத்துக்கொண்டு, குதிகாலைத் தரையில் ஊன்றிக் காலை உள்ளேயும் வெளியேயும் திருப்புங்கள். கைக்கு அடியில் ஒரு எலும்புக் குமிழ் உருளும். தொடைமூட்டின் மையம் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. பெல்ட் கட்டும் இடத்திலிருந்து அது ஒரு சாண் கீழே இருப்பதைப் பார்த்துப் பலர் ஆச்சரியப்படுவார்கள்.

இப்போது மெஷினின் பக்கவாட்டைப் பாருங்கள். உருளையைத் தாங்கும் கை எந்தப் புள்ளியைச் சுற்றி ஆடுகிறதோ அதுதான் அச்சு. ஒரு பெரிய போல்ட் மாதிரியோ வட்டமான மூடி மாதிரியோ தெரியும், சில மெஷினில் சிவப்பு, மஞ்சள் புள்ளி வைத்திருப்பார்கள். ஜிம்களில் இருக்கும் பெரும்பாலான உட்காரும் வகை மெஷின்களில் இந்த அச்சும் உங்கள் தொடைமூட்டுக் குமிழும் ஒரே கோட்டில் வர வேண்டும். மெஷினில் ஒட்டியிருக்கும் படத்தில் இது கீழ்முதுகுக்கு நேராகக் காட்டப்பட்டிருந்தால் அந்த மெஷினுக்கு அதுவே சரி, படத்தைத்தான் பின்பற்ற வேண்டும். சீட் ஏறி இறங்கும் வகை என்றால் சீட்டை மாற்றுங்கள், சீட் அசையாது என்றால் கால் வைக்கும் பலகையை முன்னும் பின்னும் நகர்த்தி உட்காரும் இடத்தைச் சரிசெய்யுங்கள். பிட்டம் பின் மெத்தையோடு ஒட்டியிருக்க வேண்டும், முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும், பாதம் முழுதாகப் பலகையில் ஊன்ற வேண்டும். தொடைக்கு மேலே பெல்ட்டோ பட்டையோ இருந்தால் கண்டிப்பாகப் போடுங்கள். நிறைய பேர் அதை அலங்காரம் என்று நினைத்துப் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். உருளை தோள்பட்டை எலும்புகளின் நடுப்பகுதியில் படட்டும், கழுத்தில் படக்கூடாது, கீழ்முதுகிலும் படக்கூடாது.

அமைத்தது சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எடையே இல்லாமல், அல்லது இருப்பதிலேயே குறைந்த ஒரே பிளேட்டோடு, மெதுவாக இரண்டு முறை போய் வாருங்கள். உருளை முதுகில் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால் அச்சு சரி. அது மேலே கழுத்தை நோக்கியோ கீழேயோ ஊர்ந்தால் உங்கள் மூட்டும் மெஷினின் அச்சும் வேறு வேறு இடத்தில் சுற்றுகின்றன என்று அர்த்தம். ஒன்றிரண்டு விரல்கடை நகர்ந்தால் பரவாயில்லை, முதுகெலும்பும் கொஞ்சம் வளைவதால் அது இருக்கும். உள்ளங்கை அகலம் நகர்ந்தால் இறங்கி மறுபடி அமையுங்கள்.

இதை நான் கற்றுக்கொண்டது புத்தகத்திலிருந்து அல்ல. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், நல்ல உயரமான ஒருவர் வந்தார், உங்களைப் போலவே பிடிப்பு வந்து சரியானவர். அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் அவரைவிட ஒரு அடி குட்டை. நான் எடையை மட்டும் பார்த்தேன், 20 கிலோ, பாவம் குறைச்சல்தானே என்று விட்டுவிட்டேன், சீட்டைத் தொடவே இல்லை. மூன்றாவது செட்டில், அதாவது மூன்றாவது சுற்றில், உருளை கழுத்துக்கு ஏறியிருந்ததை அவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். மறுநாள் அவரால் செருப்பு மாட்டக் குனிய முடியவில்லை, நான்கு நாள் அப்படியே இருந்தார். பெரிதாக எதுவும் ஆகவில்லை, சரியாகிவிட்டார், ஆனால் அதற்குப் பிறகு அவர் அந்த மெஷினில் உட்காரவே இல்லை. அவர் வீட்டில் யாரையும் உட்கார விட்டிருக்கவும் மாட்டார்.

அடுத்தது எவ்வளவு தூரம் போவது. கைகளை மார்புக்கு குறுக்கே வைத்துக்கொண்டு, வயிற்றை யாரோ விளையாட்டாகக் குத்தப்போகிறார்கள் என்றால் எப்படி இறுக்குவீர்களோ அந்த மாதிரி லேசாக இறுக்கி, மூச்சை விட்டபடி பின்னால் தள்ளுங்கள். உடம்பு நிமிர்ந்து, இயல்பாக நிற்கும்போது முதுகு எப்படி இருக்குமோ அந்த நிலையிலிருந்து சற்றே சாய்ந்ததும் போதும், அங்கே ஒரு நொடி நில்லுங்கள். வில் மாதிரி வளைந்து கூரையைப் பார்க்கும் அளவுக்குப் போவது தேவையே இல்லை. அந்தக் கடைசி வளைவில் தசைக்குக் கிடைக்கும் கூடுதல் வேலை மிகக் குறைவு, முதுகெலும்பின் பின்பக்கம் இருக்கும் சிறு மூட்டுகளில் நெருக்கம்தான் கூடுகிறது. திரும்பி வரும்போது இன்னும் மெதுவாக, மூன்று நொடி எடுத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் மார்பு தொடையைத் தொடும் வரை போக வேண்டாம். முதல் ஒரு மாதம், முதுகு உருண்டையாகக் கூன ஆரம்பிக்கும் இடத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான மெஷினில் அசைவின் தொடக்கத்தைக் கட்டுப்படுத்த ஒரு கொக்கியோ துளைகளோ இருக்கும், அதை வைத்து இதைப் பூட்டிவிடலாம். பிளேட்டுகள் டமால் என்று மோதும் சத்தம் கேட்டால் நீங்கள் வேகமாக வருகிறீர்கள்.

மூச்சை அடக்கித் தள்ளுவது பற்றி ஒரு வார்த்தை. கனமான எடையை மூச்சடக்கித் தள்ளும்போது ரத்த அழுத்தம் சில நொடிகளுக்குக் கடுமையாக ஏறும். 1985இல் பளுதூக்கும் ஆட்களின் தமனிக்குள் நேரடியாகக் கருவி வைத்து அளந்தார்கள், கால்களால் கனமான எடையைத் தள்ளும்போது சராசரியாக 320/250 வரை போனது. நீங்கள் வைக்கப்போகும் எடைக்கு அவ்வளவெல்லாம் ஏறாது. ஆனாலும் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் மூச்சை அடக்கவே கூடாது, எண்ணிக்கையை வாய்விட்டு எண்ணினால் அடக்கவே முடியாது, எளிய வழி.

எத்தனை கிலோ என்று கேட்டீர்கள். நான் ஒரு எண் சொல்லலாம், ஆனால் அது பொய்யாகத்தான் இருக்கும். பிளேட்டில் எழுதியிருக்கும் எண் உங்கள் முதுகு உணரும் எடை கிடையாது. கப்பி எத்தனை, கை எவ்வளவு நீளம், உராய்வு எவ்வளவு, உள்ளே இருக்கும் சக்கரம் வட்டமா நீள்வட்டமா, இதையெல்லாம் பொறுத்து ஒரு மெஷினின் 30 கிலோ இன்னொரு மெஷினின் 20 கிலோ மாதிரி இருக்கும். அதனால் எடையை இப்படித் தேர்ந்தெடுங்கள்: 15 முறை செய்து முடித்தபின், இன்னும் ஐந்தாறு முறை நல்ல வடிவத்தில் செய்திருக்க முடியும் என்று தோன்ற வேண்டும். முதல் இரண்டு வாரம் அவ்வளவுதான், இரண்டு செட். பக்கத்தில் இருப்பவர் பார்த்துச் சிரிக்கும் எடையாக இருக்கும், இருக்கட்டும். தொடர்ந்து மூன்று தடவை எந்தத் தொந்தரவும் இல்லாமல் முடித்தால் இருப்பதிலேயே சிறிய ஒரு படி ஏற்றுங்கள். முதல் நான்கு ஆறு வாரத்தில் பலம் வேகமாக ஏறுவது போலத் தெரியும், அப்போதுதான் ஆட்கள் ஆர்வக்கோளாறில் இரண்டு மூன்று பிளேட் தாவுவார்கள். அந்த ஆரம்ப முன்னேற்றத்தில் பெரும்பகுதி நரம்புகள் தசையை நன்றாக இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை அதன்பிறகுதான் தடிக்கிறது, தசைநாண்களும் தசைநார்களும் அதைவிடவும் மெதுவாகத்தான் கெட்டிப்படுகின்றன.

எடையை மாற்றும்போது தயவுசெய்து எழுந்திருங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து உடம்பைத் திருகி, கையை நீட்டி, பின்னால் இருக்கும், எடையைத் தேர்ந்தெடுக்கும் கம்பியைப் பிடுங்கிச் செருகுவார்கள் பாருங்கள், குனிதலும் திருகுதலும் ஒன்றாகச் சேரும் அசைவு அது. மெஷினில் பிடித்துக்கொண்டது என்று என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு மெஷின் ஒன்றும் செய்யவில்லை, அந்தக் கம்பியை எட்டியபோதுதான் பிடித்திருக்கிறது.

வாரத்துக்கு எத்தனை முறை? இங்கே ஒரு சுவையான வரலாறு உண்டு. நாட்டிலஸ் என்ற உடற்பயிற்சி மெஷின்களை உருவாக்கிய ஆர்தர் ஜோன்ஸ், அதன்பிறகு மெட்எக்ஸ் என்ற பெயரில் கீழ்முதுகை மட்டும் தனியாக வேலை வாங்கும் ஒரு மெஷினைக் கொண்டுவந்தார். தொடையையும் பாதத்தையும் பட்டை போட்டு இறுக்கி, இடுப்பெலும்பு அசையவே முடியாதபடி பூட்டிவிடுவார்கள். அதை வைத்து புளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆய்வுகள் நடந்தன. 1990இல் வந்த ஒன்றில், 12 வாரம் கழித்துப் பார்த்தபோது வாரம் ஒரு முறை செய்தவர்களும் இரண்டு, மூன்று முறை செய்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு பலம் கூடியிருந்தார்கள். 1994இல் வந்த இன்னொன்றில், இடுப்பெலும்பைப் பூட்டாமல் பயிற்சி செய்தவர்களுக்குக் கீழ்முதுகின் தனிப் பலம் கூடவில்லை, பூட்டிச் செய்தவர்களுக்குக் கூடியது. காரணம் எளிது, இடுப்பெலும்பு அவிழ்ந்திருந்தால் பிட்டத் தசையும் பின்தொடைத் தசையும் வேலையைப் பிடுங்கிக்கொள்ளும், அவை முதுகுத் தசையைவிடப் பெரியவை. தொடைப் பட்டையைப் போடுங்கள் என்று மேலே சொன்னது இதனால்தான். உங்கள் ஜிம் மெஷின் அந்த அளவுக்குப் பூட்டாது, அதனால் நீங்கள் செய்யப்போவது எல்லாத் தசைகளும் கலந்த வேலை. அதில் தவறில்லை, குனிந்து பை தூக்கும்போதும் இவை எல்லாம் கலந்துதான் வேலை செய்கின்றன. வாரம் இரண்டு முறை போதும், நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

நண்பர் சொன்ன டிஸ்க் விஷயம். அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் என்ற முதுகெலும்பு ஆய்வாளர் பல காலம் பணியாற்றினார். 2001இல் அவரும் ஒரு சக ஆய்வாளரும் பன்றிகளின் கழுத்தெலும்புத் துண்டுகளை எடுத்து, மிதமான அழுத்தத்தில் ஆயிரக்கணக்கான முறை முன்னும் பின்னும் மடக்கியபோது டிஸ்க் பிதுங்குவதைக் காட்டினார்கள். இதிலிருந்துதான் "முதுகை மடக்கி மடக்கிச் செய்யும் எதுவும் ஆபத்து" என்ற பேச்சு ஜிம்களுக்குப் பரவியது. ஆனால் அது உயிரற்ற திசு, இரவில் ஓய்வெடுத்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளாது, பழகப் பழகக் கெட்டிப்படாது. வாரத்துக்கு 60 முறை, கூனாத எல்லைக்குள் செய்யும் உயிருள்ள ஒருவருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. நான் அந்த ஆய்விலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: பாரத்தோடு முழுக்கக் கூனுவதைத் திரும்பத் திரும்பச் செய்ய ஒரு காரணமும் இல்லை என்றால், செய்யாமல் இருப்பதில் நஷ்டமில்லை.

பாரம் என்று வந்துவிட்டதால் ஒரு கணக்கு. முதுகுத் தசை, முதுகெலும்பின் மையத்திலிருந்து சில சென்டிமீட்டர் பின்னால்தான் இருக்கிறது. நீங்கள் கிடையாக முன்னால் சாயும்போது மேலுடம்பின் எடை அதே மையத்திலிருந்து 30 சென்டிமீட்டர் போல முன்னால் இருக்கும். ஏற்றப்பலகையில் ஒரு பக்கம் ஒரு முழமும் மறுபக்கம் நான்கு விரலும் இருந்தால், நான்கு விரல் பக்கம் இருப்பவர் எவ்வளவு கனமாக இருக்க வேண்டும்? 40 கிலோ மேலுடம்பைத் தாங்க தசை 200 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது, அந்த இழுவிசை முழுக்க எலும்பின் மேல் அழுத்தமாக இறங்குகிறது. கால்களைப் பூட்டிக்கொண்டு மேலுடம்பை அந்தரத்தில் நிமிர்த்தும் பெஞ்சில் எலும்பின் மேல் இறங்கும் மொத்த அழுத்தம் சுமார் 4000 நியூட்டன், அதாவது 400 கிலோ அளவு என்று மெக்கில் கணித்திருக்கிறார். கவிழ்ந்து படுத்து கையையும் காலையும் ஒரே நேரத்தில் தூக்கும் பயிற்சி இருக்கிறதே, வீட்டிலேயே செய்யலாம், பாதுகாப்பானது என்று எல்லோரும் சொல்லிக்கொடுப்பது, அதில் 6000 வரை போகும் என்கிறார். வேலையிடங்களில் பாரம் தூக்குவதற்கு அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1981இல் எச்சரிக்கை எல்லையாக வைத்தது ஏறக்குறைய 3400. இந்த எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த எல்லை நாள் முழுக்கப் பாரம் தூக்கும் வேலைக்காகப் போட்டது, ஆரோக்கியமான முதுகெலும்பு இதைவிட அதிகம் தாங்கும். ஒரு பயிற்சி மெஷினில் நடந்தால் ஆபத்து, தரையில் நடந்தால் பாதுகாப்பு என்று பிரிக்க முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். உட்காரும் மெஷினின் நல்ல குணமே, உங்கள் மேலுடம்பு எடையைவிடக் குறைவான பாரத்தில் தொடங்க முடியும் என்பதுதான். பெஞ்சில் அது முடியாது, ஏறியதும் உங்கள் பாதி உடம்பின் எடை உடனே வந்துவிடும்.

அதனால் என் வரிசை, முதல் இரண்டு மாதம் உட்காரும் மெஷின், பிறகு சாய்ந்த பெஞ்ச். பெஞ்சில் மெத்தையின் மேல் விளிம்பு தொடை மடிப்புக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும், அப்போதுதான் தொடைமூட்டில் மடங்க இடம் கிடைக்கும். வயிற்றில் அழுத்தினால் மெத்தை மேலே இருக்கிறது என்று பொருள், அப்போது முதுகைத் தவிர வேறு எதுவும் மடங்க வழியில்லை. தலையிலிருந்து குதிகால் வரை ஒரே நேர்க்கோடு ஆனதும் நிறுத்துங்கள். தலை கீழே போவதால் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் பெஞ்சைத் தவிர்ப்பது நல்லது.

ஒரு விஷயத்தில் எனக்கே பயிற்சியாளர்களோடு மனவருத்தம் உண்டு. முதுகு என்றால் அவர்கள் முக்கால்வாசிப் பேர் மேலிருந்து கம்பியை இழுக்கும் மெஷினுக்கே அழைத்துப் போவார்கள். அது அகலமான மேல்முதுகுத் தசைக்கு நல்லதுதான், கம்பியைக் கழுத்துக்குப் பின்னால் இழுக்காமல் மார்பின் மேல்பகுதிக்கு இழுக்கும் வரை. உட்கார்ந்து முன்னிருந்து இழுக்கும் மெஷின் உங்கள் மாதிரி ஆட்களுக்கு இன்னும் பயன், தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்க்கும் தசைகள் வேலை செய்யும், கீழ்முதுகு அசையாமல் நின்று பழகும். ஆனால் இழுக்கும்போது படகு ஓட்டுபவர் மாதிரி உடம்பு முன்னும் பின்னும் ஆடினால் கீழ்முதுகுக்குத்தான் அடி. மார்புக்கு மெத்தை வைத்த வகை இருந்தால் அதிலேயே தொடங்குங்கள்.

இப்போது பயிற்சியாளர் சொன்ன "முதுகு பலமானால் வலி வராது". இங்கேதான் உறுதியையும் சந்தேகத்தையும் பிரிக்க வேண்டும். உறுதியாகச் சொல்லக்கூடியது, நாள்பட்ட முதுகு வலிக்கு உடற்பயிற்சி உதவுகிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட தொகுப்பு 249 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தது, 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. அதே வழிகாட்டுதல் இடுப்புப் பட்டைகளை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது, அதனால் யாராவது பெல்ட் வாங்கச் சொன்னால் அவசரப்படாதீர்கள். சந்தேகமானது, இந்த மெஷின்தான் மற்ற பயிற்சிகளைவிட மேல் என்பது. நடை, நீச்சல், மெஷின், தரைப் பயிற்சி என்று எதை எடுத்தாலும் ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் தெரிவதில்லை, தொடர்ந்து செய்பவர்தான் பலன் பெறுகிறார். பலமும் வலியும்கூட நாம் நினைக்கும் அளவுக்குக் கைகோத்து நடப்பதில்லை. டென்மார்க்கின் பியரிங் சோரன்சன் 1984இல் ஒரு சோதனையை வெளியிட்டார். கால்களைக் கட்டி, மேலுடம்பை மேசைக்கு வெளியே அந்தரத்தில் நேராக எத்தனை நொடி பிடிக்க முடிகிறது என்பதுதான் அது, அதிகபட்சம் 240 நொடி. அதில் குறைந்த நேரமே தாக்குப்பிடித்த ஆண்களுக்கு அடுத்த ஒரு வருடத்தில் முதல்முறை முதுகு வலி வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. கவனியுங்கள், அது எவ்வளவு எடை தூக்கினார்கள் என்பதில்லை, எவ்வளவு நேரம் தாங்கினார்கள் என்பது. அதனால்தான் உங்களுக்கு 6 முறை கனமான எடை சொல்லாமல் 15 முறை இலேசான எடை சொல்கிறேன்.

பிடிப்பு ஒருமுறை வந்தவருக்கு மெஷின் வேலையில் எனக்கு நம்பிக்கை வரக் காரணம் வேறொன்று. முதுகெலும்பை ஒட்டியே ஓடும் ஆழமான சிறு தசைக்கூட்டம் ஒன்று உண்டு, மல்டிஃபிடஸ் என்பார்கள். முதல்முறை பிடிப்பு வந்தவர்களுக்கு வலி வந்த பக்கத்தில் இந்தத் தசை சுருங்கிப்போவதையும், வலி முழுக்கப் போன பிறகும் அது தானாகப் பழைய அளவுக்குத் திரும்பாததையும் 1990களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஸ்கேனில் காட்டினார்கள். உங்களுக்கு வலி போய்விட்டது என்பதால் வேலை முடிந்துவிட்டது என்று ஆகாது. ஸ்கேன் என்றதும் போய் எடுத்துவிடாதீர்கள். வலியே இல்லாத 20 வயதுக்காரர்களை எம்ஆர்ஐ எடுத்தால் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் புடைத்திருக்கிறது, 80 வயதில் 84 சதவீதம். உங்கள் வயதில் ஏதாவது ஒன்று எழுதித்தான் வரும், அதைப் படித்துவிட்டு நீங்கள் அசையவே பயப்படுவீர்கள்.

வலியை எப்படிப் படிப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன். செய்யும்போது முதுகெலும்பின் இருபக்கமும் தசை சூடாகி இறுகுவது நல்லது, மறுநாள் இருபக்கமும் மந்தமாக வலிப்பதும் சகஜம், இரண்டு மூன்று நாளில் போகும். ஒரு பக்கம் மட்டும் குத்துவது, நடு எலும்பில் சுள்ளென்று பிடிப்பது, பிட்டத்தைத் தாண்டிக் காலில் இறங்குவது, மின்சாரம் மாதிரி ஓடுவது, இதில் எது வந்தாலும் அந்த நொடியே நிறுத்துங்கள், "இந்த செட்டை முடித்துவிட்டு" என்று இழுக்காதீர்கள். எல்லாவற்றையும்விட நான் நம்புவது மறுநாள் காலையை. எழுந்து பல் தேய்க்கக் குனியும்போது, வழக்கத்தைவிட அதிகமாக இறுக்கம் இருந்து, அது அரை மணி நேரம் தாண்டியும் போகவில்லை என்றால் முந்தின நாள் எடையோ எண்ணிக்கையோ அதிகம். ஒரு படி இறக்குங்கள்.

காலை என்றதும் இன்னொன்று. இரவு படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்பிவிடுகின்றன, காலையில் நாம் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை உயரமாகவே இருக்கிறோம். உப்பிய டிஸ்க் குனியும்போது அதிகம் இறுகும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் இந்த மெஷினில் உட்காராதீர்கள், அதிகாலையில்தான் ஜிம்முக்குப் போக முடியும் என்றால் கால், தோள் வேலைகளை முதலில் முடித்துவிட்டு இதைக் கடைசியில் வையுங்கள். அதேபோல நாள் முழுக்க நாற்காலியில் கூனி உட்கார்ந்துவிட்டு நேராக வந்து மெஷினிலும் உட்காராதீர்கள், பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள்.

மறுபடி பிடித்துக்கொண்டால்? பிடிக்கலாம், ஒருமுறை வந்தவர்களில் நிறைய பேருக்குத் திரும்ப வருகிறது, இந்த மெஷின் அதை நிச்சயம் தடுக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வந்தால் படுத்தே கிடக்காமல் முடிந்த அளவு நடமாடுங்கள், மெஷினை ஒரு வாரம் பத்து நாள் விடுங்கள், குனிந்து காலுறை மாட்டுவது சுலபமானதும் பாதி எடையில் திரும்புங்கள். முதல் நாள் போகும்போது ஒரு பேனாவும் சின்ன நோட்டும் எடுத்துக்கொண்டு போய், சீட் எந்தத் துளையில், கால்பலகை எந்த எண்ணில், உருளை எந்த உயரத்தில் என்று குறித்துவையுங்கள். அடுத்த முறை நீங்கள் போகும்போது வேறு யாராவது எல்லாவற்றையும் மாற்றி வைத்திருப்பார்கள்.